சாவை இறக்கிப் பிறப்பை ஏற்றிய வண்டி

அன்று காலையில் தச்சன்பட்டிப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ரெங்கசாமி இரண்டு காரியங்களுக்காக ஒரே வண்டியைப் பூட்டினான். போகும்போது ஒரு சாவை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். வரும்போது ஒரு பிறப்பை ஊருக்குள் கொண்டுவர வேண்டும்.

சாவு ஏற்கெனவே வண்டியில் ஏறிப் படுத்திருந்தது. அதன் பெயர் ஆத்மநாதன். எண்பதைத் தாண்டிய கிழவர். நெஞ்சு முழுக்கக் கபம். வைத்தியர் கையை விரித்துவிட்டார். ஆனால் வாய் மட்டும் இன்னும் முழு உயிரோடு இருந்தது.

"ரெங்கா, வைக்கோலை இன்னும் கொஞ்சம் போடுடா. சாகப்போற எலும்பு, குத்துது."

"யாரு தாத்தா சாகப்போறது? மக வீட்ல கொஞ்ச நாள் காத்தாட இருந்துட்டு வரப்போறீங்க."

"ஏண்டா, பொன்னமங்கலத்துக்கு என்னைக் கொண்டுபோய் விடுங்கடான்னு வருசக்கணக்காக் கெஞ்சினேன். அப்பல்லாம் ஒன் மாட்டுக்கு லாடம் தேஞ்சு கெடந்துச்சு. இன்னிக்கு எங்கேருந்துடா வந்துச்சு இவ்வளவு பாசம்?"

ரெங்கசாமி நுகத்தடியைச் சரிபார்த்தான். வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்த அவன் தாய் கண்ணாத்தாள்தான் பதில் சொன்னாள்.

"பேசாம வாங்க மாமா. பேசுனா இழுப்பு வரும். இழுப்பு வந்தா இங்கேயே எல்லாம் முடிஞ்சு போயிரும். அப்புறம் எம் மகன் போட்ட கணக்கெல்லாம் பாழு."

கணக்கு. அதுதான் விஷயம்.

பஞ்சாயத்து யூனியன்கள் வந்த புதிது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. குன்றாண்டார்கோவில் யூனியன் ஆபீசில் போன மாதம் நடந்த கூட்டத்துக்குத் திருச்சியிலிருந்து ஒரு சுகாதார அதிகாரி வந்தார். இந்தப் பக்கத்துக்கு ஒரு பிரசவ விடுதி கிடைக்கப்போகிறது என்றார். கட்டடம், கட்டில், மருந்து, அங்கேயே தங்கும் நர்சு. தச்சன்பட்டிக்கா பொன்னமங்கலத்துக்கா என்பதை இரண்டு ஊர்ப் பிறப்பையும் இறப்பையும் வைத்துப் பார்த்து, அடுத்த மாதக் கடைசியில் முடிவு செய்வோம் என்றார். ஜீப்பில் ஏறினார். போய்விட்டார்.

வைத்துப் பார்த்து என்றால் எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பிறந்தவர்களில் செத்தவர்களைக் கழித்தால் எந்த ஊரில் மிச்சம் அதிகமோ அதுதான் வளர்கிற ஊர். வளர்கிற ஊருக்குத்தான் சர்க்கார் எதையும் கொடுக்கும். ரெங்கசாமி அப்படித்தான் நினைத்தான். பொன்னமங்கலத்துப் பிரசிடெண்ட் ஐயனாரும் அப்படியேதான் நினைத்தார்.

யூனியன் ஆபீஸ் எதிரே இருந்த டீக்கடையில் அன்றைக்கே முறைத்துக்கொண்டார்கள். ஐயனார் வேற்று மனிதர் இல்லை. ரெங்கசாமியின் தங்கை அமிர்தவல்லிக்கு மாமனார்.

"மாப்ளே, எங்க ஊரு மண்ணு ஈர மண்ணு. எங்கிட்டு வெதை விழுந்தாலும் மொளைக்கும்," என்றார் ஐயனார், டீயை ஊதிக்கொண்டே.

"மொளைக்கட்டும் மாமா. அறுவடை எந்தக் களத்துக்கு வருதுன்னு பார்த்துக்கலாம்," என்றான் ரெங்கசாமி.

அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். பிள்ளை எந்த ஊரில் விழுகிறதோ அந்த ஊர் முன்சீப்தான் அதை எழுதிக்கொள்வார். அப்படியென்றால் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தச்சன்பட்டிப் பெண்களையெல்லாம் திரட்டிக் கொண்டுவந்துவிட்டால்?

திரட்டினான். கறம்பக்குடிக்குப் போனவளை பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். கீரனூரில் இருந்தவளைக் கூண்டு வண்டியில் ஏற்றி வந்தார்கள். இன்னும் வயிறே தெரியாத ஒருத்தியைக்கூட இழுத்து வந்தார்கள். "எனக்கு இன்னும் நாள் கெடக்கே சித்தப்பா," என்று அவள் கேட்டாள். "இருக்கட்டும் ஆத்தா, எதுக்கும் கைவசம் இரு," என்றார் அவளுடைய சித்தப்பா.

பொன்னமங்கலமும் சும்மா இருக்கவில்லை. தன் பெண்களைத் திரட்டிக்கொண்டது. அதோடு நிற்காமல் இன்னொரு வேலையும் செய்தது. ஊருக்கு வந்த மருமகள்களைத் தாய் வீட்டுக்கு அனுப்ப மறுத்தது. வளைகாப்பு முடிந்த பெண்கள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அமிர்தவல்லி.

மாதம் முடியப்போகிறது. இரண்டு ஊரும் சரிக்குச் சரி நின்றன. மிச்சம் இருந்தது ஒரே பிறப்பு, அமிர்தவல்லியின் வயிற்றில். ஒரே சாவு, ஆத்மநாதன் நெஞ்சில்.

ரெங்கசாமிக்கு இது வெறும் வீம்பு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி பிரகதாம்பாள் பிரசவ வலியில் கண் மங்குகிறது என்றாள். பிறகு கை கால் இழுத்துக்கொண்டது. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். பாதி வழியில், பொட்டலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறை அருகே, தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. ஊரில் ஒரு நர்சு இருந்திருந்தால் என்ற நினைப்பு அன்று அவனுக்குள் புகுந்தது. இன்றுவரை வெளியே போகவில்லை.

விடுதி தன் ஊருக்கு வர வேண்டும். தங்கையின் பிரசவம் தன் வீட்டில் நடக்க வேண்டும். அவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

கிளம்புமுன் ஊர்க்காரர்களிடம் கண்டிப்பாகச் சொன்னான். "அமிர்தத்தோட வண்டி உள்ளே வரும். பின்னாடியே பொன்னமங்கலத்துக்காரன் தொரத்திக்கிட்டு வருவான். ரோட்டுக்குக் குறுக்கே வண்டியைப் போட்டு அடைச்சிருங்க. யாரு என்ன சொன்னாலும், நானே சொன்னாலும், தெறக்கக் கூடாது."

மாடுகள் பாய்ந்தன.

*

பொன்னமங்கலத்து எல்லையில் சைக்கிள்களைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு ஏழெட்டு இளவட்டங்கள். நடுவில் ஐயனார், தோளில் வெளுத்த துண்டோடு.

"வாங்க மாப்ளே. வண்டியில என்ன சரக்கு?"

"சொர்ணத்தோட அப்பா வந்திருக்காரு மாமா. மகளைப் பார்க்கணும்னு ஒரே ஏக்கம்."

ஐயனார் குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். ஆத்மநாதன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்ன ஐயனாரு, உத்துப் பாக்குறே? இன்னும் ஆகலை."

"பெரியவரு சௌக்கியமா இருக்கீங்களா?"

"சௌக்கியமா இருந்தா என்னை எதுக்கு இங்கிட்டு ஓட்டிக்கிட்டு வர்றான்?"

இளவட்டங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஐயனார் நிமிர்ந்தார். "மாப்ளே, ஒங்க ஊருச் சாவை எங்க ஊர்ல எறக்கப் பாக்குறீங்க. அதானே?"

"எங்க ஊருப் பிரசவத்தை நீங்க பூட்டி வெச்சிருக்கீங்களே, அது மட்டும் என்ன மொறை மாமா? தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு அனுப்பணுமா இல்லையா?"

"அனுப்புறோம். மாசம் பொறக்கட்டும்."

"வயித்துல இருக்கற புள்ளைக்கு மாசக் கடைசி தெரியுமா?"

அதற்குள் செய்தி எட்டி, ஆத்மநாதனின் மகள் சொர்ணம் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஐயனாரைப் பார்த்தாள். "எங்கப்பனை வெயில்ல நிறுத்தி வெச்சு என்ன பேச்சு பேசுறீங்க? அவரு எங்கிட்டுச் சாகணும்னு நீங்க யாரு சொல்றதுக்கு? பெத்தவரை எவ வீட்ல படுக்க வெப்பேன் நான்?"

"தாயி, ரெண்டு நாள் பொறுத்து..."

"ரெண்டு நாள் பொறுக்கணும்னு அவரு மூச்சுக்கிட்ட நீங்களே சொல்லுங்க."

இப்படி இங்கே இழுத்துக்கொண்டிருந்தபோது கண்ணாத்தாள் வண்டியில் இல்லை. யார் கண்ணிலும் படாமல் பின்பக்கமாக இறங்கி, முந்திரித் தோப்பு வழியாக மகள் வீட்டுக் கொல்லைக்குப் போயிருந்தாள். அதுதான் திட்டம். மகளைக் கொல்லைப்புறமாகவே கூட்டி வந்துவிடுவது.

ஆனால் அவள் தனியாகத் திரும்பி வந்தாள். ஓடி வந்தாள். அந்த வயதில் அவள் ஓடி ரெங்கசாமி பார்த்ததில்லை.

"ரெங்கா," என்றாள். மூச்சு வாங்கியது. "பிரகதாம்பா மாதிரியே இருக்குடா."

ரெங்கசாமி கையிலிருந்த கயிறு நழுவியது.

*

அமிர்தவல்லி பாயில் கிடந்தாள். முகம் ஊதி, இமைகள் தடித்து, அடையாளமே மாறியிருந்தது. பாதங்கள் வீங்கிக் கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

"அண்ணே, மண்டை பிளக்குது. ஒங்க முகமே கலங்கலாத் தெரியுதுண்ணே."

பக்கத்தில் ஊர் மருத்துவச்சி அழகி. அவள் யாருக்கும் பயப்படாதவள். "விடியறப்பவே சொன்னேன். இது என் கைக்கு அடங்குற நோவு இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொன்னேன். இவுக கேட்டாத்தானே?" என்று தாடையால் ஐயனாரைக் காட்டினாள்.

பின்னால் ஓடி வந்து நின்ற ஐயனார் தடுமாறினார். "மொதப் பிரசவம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். சாயங்காலத்துக்குள்ள நல்லபடியா..."

"மாமா, எம் பொண்டாட்டிக்கும் இதையேதான் சொன்னாங்க."

சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றான் அமிர்தவல்லியின் கணவன் நாகராசு. அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். ரெங்கசாமி அவனைப் பார்த்தான். அவனிடம் கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை.

"மாப்ளே, தலைமாட்டைப் பிடிங்க."

நாகராசு அப்பாவைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். குனிந்து தலைமாட்டைப் பிடித்தான்.

வாசலில் ஐயனார் வழியை மறித்தார். இப்போது குரலில் பழைய மிடுக்கு இல்லை. ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை. "எங்கே கொண்டு போறீங்க?"

"புதுக்கோட்டைக்கு."

"அந்த ரோடு ஒங்க ஊரு வழியாத்தானே போகுது? ஊரு வந்ததும் வலி முத்திருச்சுன்னு அங்கேயே எறக்கிருவீங்க."

"எனக்கு ஒங்க ஊரும் வேண்டாம், எங்க ஊரும் வேண்டாம். நம்பிக்கை இல்லைன்னா நீங்களும் வண்டியில ஏறுங்க. எங்க ஊர்ல வண்டி நின்னுச்சுன்னா சாட்டையைப் பிடுங்கி என்னை அடிங்க."

இளவட்டங்கள் வாசல்வரை ஓட்டிவந்து நிறுத்தியிருந்த வண்டிக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. "பேச்சுப் பேசியே கொல்லுங்கடா. என்னை எறக்குங்க மொதல்ல. எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"எங்கிட்டு எறக்குறது தாத்தா?"

"எங்கிட்டாச்சும் எறக்கு. எந்த ஊருக் கணக்குல செத்தா எனக்கென்னடா?"

ஆத்மநாதனைத் தூக்க நான்கு பேர் ஓடி வந்தார்கள். கால் பக்கம் பிடித்தவர் ஐயனார். அதை எல்லோரும் பார்த்தார்கள். சொர்ணம் முன்னால் ஓடித் தன் வீட்டுக் கதவை விரியத் திறந்தாள்.

அமிர்தவல்லியை வைக்கோலில் கிடத்தினார்கள். கண்ணாத்தாள் மடியில் அவள் தலை. நாகராசு காலடியில். ஐயனார் வண்டியின் வாலில் ஏறிக்கொண்டார். பின்னால் சைக்கிள்கள்.

சாட்டை காற்றைக் கிழித்தது.

*

செம்மண் புழுதி பனை உயரத்துக்கு எழுந்தது. கப்பி பெயர்ந்த ரோடு. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் விழுந்து எழும்போது அமிர்தவல்லி முனகினாள். மெதுவாகப் போனால் நேரம் போகும். வேகமாகப் போனால் உடம்பு தாங்காது. ரெங்கசாமி இரண்டுக்கும் நடுவே மாடுகளை ஓட்டினான்.

"அப்பா, குடையைப் பிடிங்க, இவ மொகத்துல வெயில் அடிக்குது," என்றான் நாகராசு. வாழ்க்கையில் அவன் அப்பாவுக்கு இட்ட முதல் உத்தரவு அது. ஐயனார் குடையைப் பிடித்தார்.

தச்சன்பட்டி கண்ணில் தெரிந்தது. அப்போதுதான் ரெங்கசாமிக்குத் தன் வாயால் தானே சொன்னது உறைத்தது.

ரோட்டின் குறுக்கே கட்டைவண்டிகள், ஒன்றோடு ஒன்று நுகம் கோர்த்து. அதன் முன்னால் ஊரே திரண்டு நின்றது. உறுமி முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். புழுதியைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டோம் என்று கொண்டாட்டம் தொடங்கிவிட்டது.

"வழி விடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்று ரெங்கசாமி கத்தினான்.

உறுமிச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. விழுந்தவர்களும் நம்பவில்லை. நானே சொன்னாலும் திறக்காதே என்று சொன்னவன் அவன்தானே? அதோடு வண்டியின் வாலில் ஐயனார். பின்னால் பொன்னமங்கலத்துச் சைக்கிள்கள்.

"பிரசிடெண்டை மெரட்டிக் கொண்டு போறானுங்கடா," என்று ஒருவன் கூவினான். பத்துக் கைகள் ஐயனாரை வண்டியிலிருந்து பிடித்து இழுத்தன. குடை ஒரு பக்கம் போனது, துண்டு ஒரு பக்கம் போனது. பெண்கள் சிலர் கூண்டுக்குள் கையை நீட்டினார்கள். "வா தாயி, அறை மெழுகி வெந்நி போட்டு வெச்சிருக்கோம்."

"தொடாதீங்கடி," என்று கண்ணாத்தாள் சீறினாள்.

ரெங்கசாமி ஏர்க்காலின் மேல் ஏறி நின்றான். உறுமி அடித்தவனின் கையைச் சாட்டைக் கம்பால் தட்டினான். சத்தம் நின்றது.

"பிரகதாம்பாளை வண்டியில ஏத்தினப்ப இதே எடத்துல நீங்கல்லாம் நின்னீங்க. இப்ப எந் தங்கச்சிக்கும் அதே நோவு. இவ நம்ம ஊர்ல பெத்தா நமக்கு விடுதி வருமோ என்னமோ, இவ வரமாட்டா. வண்டியை எடுங்க."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் பார்க்கவில்லை. கூண்டுக்குள் அந்த வீங்கிய முகத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கட்டைவண்டிகளின் சக்கரங்களில் கை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆண்களுக்கும் கை வந்தது.

அடைப்பு விலகியது. இந்தப் பக்கம், கீரனூர் ரோடு வந்து சேரும் இடத்தில், ஒரு லாரி நின்றது.

"காலையிலேர்ந்து ஹாரனை அடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என்ன ஊரு இது? கல்யாணமா, எழவா?" என்றபடி டிரைவர் தலையை நீட்டினார். பக்கீர் முகமது, கடற்கரைப் பக்கத்துக் கருவாட்டு வியாபாரி. கீரனூர்ச் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுப் புதுக்கோட்டை வழியாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

ரெங்கசாமி அவர் கதவைப் பிடித்துக்கொண்டான். மாடுகளின் வாயில் நுரை தள்ளியிருந்தது. "எழவு ஆயிரக் கூடாதுன்னு ஓடுறோம் பாய். எந் தங்கச்சி. பிரசவம். பெரிய ஆஸ்பத்திரி."

பக்கீர் முகமது இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. "பின்னாடி காலிச் சாக்கு கெடக்கு. எல்லாத்தையும் விரிங்க. நாத்தம் அடிக்கும், பார்க்காதீங்க."

அமிர்தவல்லியைப் பாயோடு தூக்கி ஏற்றினார்கள். லாரி நகரும்போது ஒருவர் பின்கதவைப் பிடித்துத் தொங்கி ஏறினார். சட்டை கிழிந்து, தலை கலைந்து, தோளில் துண்டு இல்லாமல், கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் போய் விழுந்தார் பொன்னமங்கலத்துப் பிரசிடெண்ட்.

*

முன்சீட்டில் ரெங்கசாமி ரோட்டையே பார்த்தான். பக்கீர் முகமது கியரை மாற்றினார்.

"எதுக்குத் தம்பி ரோட்டை அடைச்சு வெச்சிருந்தீங்க?"

ரெங்கசாமி சொன்னான். விடுதி, கணக்கு, பெண்களைத் திரட்டியது, கிழவரை ஏற்றியது, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே கேவலமாக இருந்தது. பக்கீர் முகமது ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"எங்க பக்கம் இந்த இழுபறியே கெடையாது. பொண்ணு பொறந்த வீட்டை விட்டு நகராது. மாப்பிள்ளைதான் வந்து சேரணும். அதுலயும் பாதிப் பேரு மலாயா, கொழும்புன்னு கப்பலேறிருவான். ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா கூட்டமா வந்து எறங்குவான். அப்புறம் பாருங்க, பத்தாம் மாசம் வீட்டுக்கு வீடு தொட்டில். ஓதி ஓதி எங்க ஆலிம்சாவுக்குத் தொண்டை கட்டிப்போகும். அந்த மாசம் கணக்கெடுத்தா மெட்ராஸ் மாகாணத்துலயே நாங்கதான் மொதல். அதுக்கப்புறம் எடுத்தீங்கன்னா புள்ளையே பொறக்காத ஊரு."

"அப்ப எப்படித்தான் பாய் கணக்கெடுக்கிறது?"

"அது எனக்கென்ன தெரியும்? ஒரு மாசத்துல ஊரை எடை போடற தராசு எங்கிட்ட இல்லை. நான் கருவாடு எடை போடறவன்."

ரெங்கசாமியின் உதட்டில் சிரிப்பு வரப் பார்த்தது. வருவதற்குள் பின்னாலிருந்து தகரத்தில் இடி விழுந்தது. நாகராசு இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தான்.

"மச்சான், இழுக்குது. கை கால் இழுக்குது மச்சான்."

ரெங்கசாமி திரும்பிச் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தான். அமிர்தவல்லியின் உடம்பு வில்லாக வளைந்திருந்தது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலை எங்கும் மோதிவிடாமல் தன் மடியில் அணைத்துப் பிடித்திருந்தவர் ஐயனார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது.

"பாய்," என்றான் ரெங்கசாமி.

"பிடிச்சுக்குங்க."

லாரி உறுமியது. இரண்டு மாட்டு வண்டிகள் ஓரம் ஒதுங்கின. எதிரே வந்த பஸ் மண்ணில் இறங்கி வழிவிட்டது. வலது கைப்பக்கம் பொட்டலில் மொட்டைப் பாறை வந்தது. ரெங்கசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டான். அது போயிற்று. பின்னால், தூரத்தில், சிறியதாகிப் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவள் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

*

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே பாய்ந்தது. டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு முற்றவிட்டு ஏன் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். கதவு மூடியது.

வராந்தாவில் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. சைக்கிள்கள் வந்தன. தச்சன்பட்டியிலிருந்து ஒரு வண்டி நிறையப் பெண்கள் வந்தார்கள். காலையில் மல்லுக்கு நின்ற இரண்டு ஊரும் ஒரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. பக்கீர் முகமது ஊருக்குப் போகாமல் லாரிப் படியில் உட்கார்ந்து பீடி பிடித்தார்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"இழுப்பு நின்னிருக்கு. குழந்தையை வெளியே எடுத்தாத்தான் தாய்க்கு வழி. அதுக்குத் தயார் பண்ணிக்கிட்டிருக்காங்க. இப்போ எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது. நீங்க எந்த ஊரு?"

"தச்சன்பட்டி," என்றான் ரெங்கசாமி. "பொன்னமங்கலம்," என்றார் ஐயனார்.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த விடுதிக் கணக்குல வர்ற ஊரா? ஆச்சரியமா இருக்கே. உங்க ரெண்டு ஊர்லயும் இந்த வருஷம் பிரசவத்துல ஒரு சாவுகூட இல்லை, பிறந்த குழந்தைகளும் எல்லாம் சௌக்கியம்னு இருக்கு. அதனால விடுதியைச் சாவு அதிகமா இருக்கிற வேற ஊருக்குக் கொடுத்துடலாம்னு பேசிக்கிட்டிருக்காங்க. என்னையும் கேட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

"சாவு அதிகமா இருக்கிற ஊருக்கா?" ஐயனாரின் குரல் உள்ளுக்குள் போயிருந்தது.

"பின்னே? பெண்களும் குழந்தைகளும் எங்கே செத்துப் போறாங்களோ அங்கேதானே நர்சு வேணும்?"

ஐயனார் சுவரோரம் உட்கார்ந்தார்.

வளர்கிற ஊர் என்று காட்டுவதற்காக இரண்டு ஊரும் எதை எதையெல்லாம் மறைத்திருந்தன என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். முன்சீப்பிடம் சொல்லாத சாவுகள். ஊர் கூடி எடுக்கும் கிழவர் சாவைப் போல் இல்லாமல், பந்தல் போடாமல், சங்கு ஊதாமல் மறைத்த சாவுகள்.

ரெங்கசாமிதான் முதலில் வாயைத் திறந்தான். "எங்க ஊர்ல இருக்கு டாக்டரம்மா. போன மாசம் வடக்குத் தெருவுல ஒரு தாயும் புள்ளையும். சொல்ல வேண்டாம்னு நான்தான் தடுத்தேன்."

ஐயனார் கிழிந்த சட்டையோடு எழுந்து நின்றார். "எம் மூத்த மருமகளுக்குப் பொறந்தது ஒரு வாரந்தான் இருந்துச்சு. வாய்விட்டு அழக்கூடாதுன்னுட்டேன். அவ இன்னும் அழலை."

பிறகு சுவரோரமிருந்து ஒரு பெண் பேசினாள். பிறகு இன்னொருத்தி. பொன்னமங்கலத்தவளா தச்சன்பட்டியவளா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்ற முரட்டு இளவட்டம் ஒருவன், "எந் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டரம்மா நின்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உள்ளிருந்து நர்சு கூப்பிட்டாள். டாக்டரம்மா ஓடினார்.

நாகராசு கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் வராந்தாவை விட்டு இறங்கி, லாரியைத் தாண்டி, மதில்மேல் ஏறியது.

ஒரு குழந்தை அழுதது.

கூட்டம் மொத்தமாக எழுந்தது. "இருங்க," என்று கையைக் காட்டினான் ரெங்கசாமி. பிள்ளை அழுதால் போதாது. அவன் காதுகள் இன்னொரு குரலுக்காகக் காத்திருந்தன. அந்தக் குரல் வரவில்லை. கதவும் திறக்கவில்லை. கண்ணாத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் நர்சு எட்டிப் பார்த்தாள். "அமிர்தவல்லியோட அண்ணன் யாரு? கேக்குறாங்க. புருஷனும் வரலாம். சத்தம் போடாம வாங்க."

கேட்கிறாள் என்றால் பேசுகிறாள். ரெங்கசாமியின் கால் தரையில் படவில்லை.

வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் ஒரு சிவந்த பெண் குழந்தை. நாகராசு கட்டிலோரம் மண்டியிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்ணே," குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எந்த ஊர்ல பொறந்துச்சு?"

"புதுக்கோட்டையில."

"அப்ப டவுன் கணக்குலதானே எழுதுவாங்க."

"ஆமா."

"ரெண்டு பேரும் என்னை வெச்சு என்னா பாடு படுத்துனீங்க." சிரிக்கப் பார்த்தாள். வலித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நாகராசு பயந்துபோய் நர்சைப் பார்த்தான். "தூங்குறாங்க," என்றாள் நர்சு. "பிழைச்சுக்கிட்டாங்க. நீங்க வெளியே போங்க."

வெளியே வந்து ரெங்கசாமி அந்த ஒரே வார்த்தையைச் சொன்னான். "பிழைச்சுக்கிட்டா."

பக்கீர் முகமது வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். பெண்கள் குலவையிட வாயெடுத்து, நர்சின் முறைப்பைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணாத்தாள் எழுந்தாள். யாரைக் கட்டிக்கொள்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற பொன்னமங்கலத்துக்காரியைக் கட்டிக்கொண்டாள்.

ஐயனார் தூண் மறைவில் நின்று மூக்கைச் சிந்தித் துடைத்தார். பிறகு ரெங்கசாமியிடம் வந்தார்.

"மாப்ளே, காலையில யூனியன் ஆபீஸ் தெறக்கிறதுக்குள்ள வாசல்ல நிக்கணும். அந்த ஆபீசரு திருச்சியில இருந்தாலும் சரி, பிடிச்சாகணும். ரெண்டு ஊரு முன்சீப்பையும் கையோட இழுத்துக்கிட்டுப் போவோம். ஒரு சாவு விடாமச் சொல்லணும்."

"சொல்லிட்டு யாருக்கு மாமா கேக்கப்போறோம் விடுதியை? ஒங்க ஊருக்கா, எங்க ஊருக்கா?"

பக்கீர் முகமது வந்த வழிக்கே திருப்பி நிறுத்தியிருந்த லாரியைப் பார்த்து நடந்துகொண்டே ஐயனார் சொன்னார்.

"ஏறுங்க மாப்ளே. அதைப் போற வழியில சண்டை போட்டுக்குவோம்."